கல்விக் கடன் வட்டியும் வருமானவரிக் கணக்கும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்ற பொருளும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். பிள்ளைகளைப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அனுப்பும் பெற்றோர் இரண்டாவது கடனை நிறைவேற்றும் பொருட்டு முதற்கடனை வாங்குகின்றனர். அதற்கு வட்டி கட்டுவோர்க்கு வருமானவரிச் சட்டம் தரும் சலுகை எவரைச் சேரும், எவரைச் சேராது என்பதே ஈண்டு நாம் காணவிருப்பது. தமிழ் பயிற்றுவிப்போர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சட்டமும் சொற்களால் ஆனதே. அச்சொற்களின் பொருள் உணராமையால் பலர் கிடைக்காத ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுகின்றனர்.

'கல்விக் கடன் வட்டி வரியில் தள்ளுபடி' என்று பேச்சுவழக்கில் கூறுகிறோம். அது தள்ளுபடி அன்று, கழிவு. கட்டிய வட்டி முழுவதும் திரும்பி வருவதில்லை. வரிக்குரிய வருமானத்திலிருந்து அத்தொகை கழிக்கப்படுகிறது. எஞ்சிய வருமானத்துக்கு வரி கணக்கிடப்படுகிறது. பழைய வரிமுறையில் 20 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவர் ஓராண்டில் 90,000 ரூபாய் வட்டி கட்டினால், 4 விழுக்காட்டு மேல்வரியும் சேர்த்து அவருக்கு மிஞ்சுவது 18,720 ரூபாயே.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ என்னும் பிரிவு இதனைக் கூறியது. முன்னர் அசலும் வட்டியும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. 2006-07 மதிப்பீட்டு ஆண்டு முதல் அவ்வரம்பு நீங்கிற்று. அசலும் உடன் நீங்கிற்று. இன்று வட்டி எவ்வளவாயினும் கழிக்கலாம். அசலில் ஒரு ரூபாயும் கழிக்க இயலாது. 2025இல் இயற்றப்பெற்று 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்ட புதிய சட்டத்தில் பிரிவின் எண் மாறியதே தவிர, கழிவு தொடர்கிறது.

இனி, கழிவு எவருக்கு? 'தாம் பெற்ற கடனுக்கு, வரிக்குரிய தம் வருமானத்திலிருந்து, தாம் கட்டிய வட்டி' என்பதே சட்டத்தின் கருத்து. இம்மூன்று 'தாம்'களும் ஒருவரிடத்திலேயே கூட வேண்டும். தம் படிப்புக்காகவோ, கணவன் அல்லது மனைவியின் படிப்புக்காகவோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ, தாம் சட்டப்படிக் காப்பாளராக உள்ள மாணவரின் படிப்புக்காகவோ அக்கடன் பெறப்பட்டிருத்தல் வேண்டும். உடன்பிறந்தார் இப்பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களிலோ தம்பியின் படிப்புக் கடனை அடைப்பவர் பெரும்பாலும் அண்ணன்தான். சில இடங்களில் தாய்மாமன். அவர்கள் ஆண்டுதோறும் இலட்சம் ரூபாய் வட்டி கட்டினும் தம் கணக்கில் அதைக் காட்ட வழியில்லை. வளைகுடா நாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையின் நிலை வேறு. இந்தியாவில் வசிக்காதவர் என்ற நிலையில் அவர்தம் அயல்நாட்டுச் சம்பளத்துக்கு இங்கு வரியே இல்லை. ஆகவே எதிலிருந்து கழிப்பது? கடன் மாணவர் பெயரில் மட்டும் இருக்க, உள்ளூரில் அரசுப் பணியிலுள்ள தந்தை தவணை கட்டினால் அவருக்கும் கழிவில்லை. தந்தையும் கடன்தாரராகக் கையொப்பமிட்டிருந்தால் தாம் கட்டிய வட்டியை அவர் கோரலாம். ஆகவே இது வங்கியில் விண்ணப்பம் எழுதும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டியது. தவணை தொடங்கிய பின் கடன்தாரர் பெயரை மாற்றுவது எளிதன்று.

அடுத்து, காலக்கணக்கு. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டும் அதனைத் தொடர்ந்த ஏழாண்டுகளும் ஆக எட்டாண்டுகளே கழிவு உண்டு. வட்டி அதற்குமுன் தீர்ந்தால் அத்துடன் முடியும். வங்கிகள் படிப்புக் காலத்தோடு ஓராண்டு கூட்டித் தவணைக்கு ஓய்வு தருகின்றன. 'மாரடோரியம்' என்பது அதுவே. வருமானமில்லாத மாணவர் அக்காலத்திலேயே சிறு சிறு தொகையாக வட்டி கட்டத் தொடங்கினால் அவருக்கு எட்டாண்டுக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். இதற்காக வட்டியைக் கட்டாமல் வளரவிடுக என்று நாம் கூறவில்லை. வளர்ந்த வட்டி பின்னர் அசலோடு சேரும். அந்த இழப்பு வரிச்சலுகையினும் பெரிது.

கடன் தந்தவரும் சட்டம் ஏற்றவராக இருத்தல் வேண்டும். வங்கிகள், அரசு அறிவிக்கை செய்த நிதி நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற அறநிலையங்கள் ஆகியவையே அவை. தனியார் நிதி நிறுவனம் எனின் அது அறிவிக்கை பெற்றதா என முன்னரே கேட்டறிதல் நலம். வட்டியை அறவே விலக்கி வாழும் குடும்பங்கள் உறவினரிடமும் அறக்கட்டளைகளிடமும் வட்டியில்லாக் கடன் பெறுகின்றன. அங்கு வட்டியே இல்லையாதலின் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. அரசு மானியமாக ஏற்ற வட்டியும் கணக்கில் சேராது. அயல்நாட்டுப் படிப்புக்குச் சிறுபான்மை மாணவர்க்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி இன்றும் சிலர் விசாரித்து வருகின்றனர்.

இவ்வளவும் பொருந்தியவர்க்கும் ஒரு தடை உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறை. அதில் இக்கழிவு இல்லை. பழைய முறை வேண்டுமெனில், சம்பளக்காரர் உரிய கெடுநாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்து அதில் அவ்வாறு தெரிவிக்க வேண்டும். கெடு தவறின் அவ்வுரிமையும் போயிற்று. எனினும் பழைய முறைக்கு ஓடுமுன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2025-26 நிதியாண்டு விகிதப்படி 18 இலட்சம் ரூபாய் சம்பளமுள்ள ஒருவர் புதிய முறையில் கட்டுவது 1,50,800 ரூபாய். அவரே பழைய முறையில், நிலைக்கழிவு 50,000, சேமிப்புக் கழிவு ஒன்றரை இலட்சம், கல்விக் கடன் வட்டி மூன்று இலட்சம் ஆகியவற்றைக் கழித்த பின்னும் 2,10,600 ரூபாய் கட்ட நேரிடும். வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி முதலிய பிற கழிவுகள் பெரிதாக உள்ளவர்க்கே பழைய முறை இலாபம் தரும். சம்பளம் தவிர வேறு வருமானமின்றி 12 இலட்சத்துக்குட்பட்ட வரிக்குரிய வருமானம் உள்ளோர்க்குப் புதிய முறையில் வரியே இல்லை. நம்மிடம் பயின்று முதல் வேலையில் சேரும் பட்டதாரிகளுட் பெரும்பாலோர் இவ்வகையினர். அவர்கள் இக்கழிவு கைக்கு எட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

பழைய முறையே ஏற்றது எனக் கண்டவர், நிதியாண்டு முடிந்ததும் வங்கியில் வட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். அதில் அசலும் வட்டியும் தனித்தனியே காட்டப்பட்டிருத்தல் வேண்டும். மொத்தத் தவணையை மட்டும் காட்டும் தாள் பயன்படாது. வட்டி ஏறிக்கொண்டிருப்பது போதாது; அந்நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் கணக்குப் படிவத்தில் வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த நாள், மொத்தக் கடன், மார்ச் 31இல் நிலுவை, கட்டிய வட்டி ஆகியவை கேட்கப்படுகின்றன. சான்றிதழைப் படிவத்துடன் இணைக்க வேண்டுவதில்லை. வரித்துறை பின்னொரு நாள் வினவினால் காட்டவேண்டியிருக்கும். எனவே எட்டாண்டுச் சான்றிதழ்களையும் ஒரே உறையில் இட்டு வைத்தல் நன்று.