ஊதச் சொல்லும் கருவி

யாழ்ப்பாணத்து இணுவிலில் நாதஸ்வரமும் தவிலும் பரம்பரைச் சொத்து. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்த ஊர் இது. கோயில் வீதியில் நாயனக்காரர் நீண்ட கார்வை ஒன்றைப் பிடிக்குமுன் மூச்சிழுக்கும் கணத்தில் அவருடைய வயிற்றைப் பாருங்கள். முன்னே தள்ளும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால் வருவது அது. இந்தத் தசை இறங்கினால்தான் நுரையீரல் நன்றாக விரியும்.

இந்தத் தசை சரியாக இறங்காமல் போகும் ஒரு நிலை லூப்பஸ் நோயில் வரலாம். அந்த நோயில் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். மூட்டு, தோல், சிறுநீரகம் என்று அது கைவைக்காத இடம் குறைவு. நுரையீரலின் உறையில் அழற்சி வருவதும் சாதாரணம். ஆனால் நூற்றில் ஒருவருக்கு வருவதே அபூர்வமான ஒரு சிக்கல் உண்டு: சுருங்கும் நுரையீரல். 1965இல் ஹொஃப்பிராண்ட், பெக் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் இதை விவரித்தார்கள்.

நடந்தால் இளைக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஆழமாக இழுத்தால் விலாவில் குத்தும். தொய்வு என்று வீட்டார் நினைப்பார்கள். ஆனால் நெஞ்சில் இழுப்புச் சத்தம் இராது. எக்ஸ்-ரேயிலும் நுரையீரல் தெளிவாகவே இருக்கும், உதரவிதானம் மட்டும் மேலே ஏறி நிற்கும். படம் எடுக்கும்போது மூச்சைச் சரியாக இழுக்காதவருக்கும் இப்படித்தான் தெரியும் என்பதால், 'வடிவா இழுக்கேல்லை' என்று படத்தை ஒதுக்கிவிட இடமுண்டு. இவரால் இழுக்க முடியாது என்பதே நோய்.

இங்கேதான் ஸ்பைரோமீற்றர் உதவுகிறது. 1846இல் ஜோன் ஹட்சின்சன் இலண்டனில் அறிமுகப்படுத்தியது தண்ணீரில் கவிழ்த்த, மணி போன்ற பெரிய பாத்திரம். இன்று கைக்குள் அடங்குகிறது. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, மூச்சை முழுக்க இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கி, 'ஊதுங்கோ, இன்னும், இன்னும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை ஊத வேண்டும். தொய்வுக்காரருக்குக் காற்று மெதுவாக வரும். சுருங்கும் நுரையீரலில் வேகம் குறைவதில்லை. உள்ளே போன காற்றே கொஞ்சம். பிறகு படுக்கவைத்து ஊதச் சொல்வார்கள். நலமானவருக்கும் அளவு சற்றுக் குறையும். உதரவிதானம் தளர்ந்திருந்தால் சட்டென்று விழும். என்னைக் கேட்டால், இந்தப் படுக்கைச் சோதனைதான் கெட்டித்தனமானது, செலவோ ஒன்றுமில்லை. நுரையீரல் தழும்பு, இரத்தக்கட்டி போன்றவை இல்லையென்று உறுதிசெய்ய ஸ்கானும் தேவைப்படலாம்.

தசை தளர்வதுதான் காரணமா, உறையின் வலிக்கு அஞ்சி உடலே ஆழ்மூச்சைத் தவிர்க்கிறதா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஸ்டீரொய்டும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் பலருக்குப் பயன்படுகின்றன. பெரும்பாலோர் தேறுவார்கள், அல்லது நோய் அந்த மட்டில் நிற்கும். பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்புவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் மறுபடி ஊதவைத்து, போன முறை வந்த எண்ணோடு ஒப்பிட்டே மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவுசெய்கிறார்கள்.