வடிகாலுக்கு உரியவர் யார்?

2018 பெப்ரவரியில் தெரிவு செய்யப்பட்ட உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் பிற்போடப்பட்டமையினால், இரண்டு வருடங்களுக்கும் மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே அவற்றை நிர்வகித்து வந்தனர். 2025 மே 6 இல் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றதையடுத்து, மக்கள் தமது குறைகளைச் சொல்வதற்கு மீண்டும் ஓர் உறுப்பினர் கிடைத்தார். வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

எனினும் பிரதேச சபையிடம் மக்கள் எதிர்பார்க்கும் பல சேவைகள், சபையினால் மட்டும் நிறைவேற்றக்கூடியவையல்ல என்பதை நாம் இங்கு விளக்க வேண்டியுள்ளது. வீட்டு வாசலில் உள்ள வடிகாலையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்கையோரமாகச் செல்லும்வரை அது பிரதேச சபையின் பொறுப்பாகும். மாகாண வீதியை அடைந்ததும் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பாகவும், பிரதான வீதியைக் கடக்கும் மதகில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பாகவும் மாறிவிடுகின்றது. வயல் வாய்க்காலில் சேருமிடத்தில் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல அபிவிருத்தித் திணைக்களமோ குறுக்கிடுகின்றது. சபை தனது பகுதியைத் துப்புரவு செய்தாலும் மதகு அடைபட்டிருந்தால் தண்ணீர் தேங்கியே நிற்கும்.

தேங்கும் நீரில் நுளம்பு பெருகினால் அங்கு வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பிரதேச சபை எல்லைக்குள் பணிபுரிந்தாலும் அவர் சபையின் ஊழியரல்லர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். சிரட்டையில் நீர் தேங்கியதற்காக வீட்டுக்காரர் மீது அவரால் வழக்குத் தொடர முடிகின்றது. ஆனால் சரிவின்றிக் கட்டப்பட்ட அரச வடிகாலுக்காக எவரும் நீதிமன்றம் சென்றதாக நாம் அறியவில்லை. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டனர். 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவ்வருட மார்ச்சில் கிண்ணியா அனுபவித்த துயரத்தைக் கிழக்கு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு மற்றுமோர் உதாரணமாகும். பல ஊர்களின் குப்பைகள் கொட்டப்படும் அவ்விடத்தில், பிளாஸ்டிக்கை உண்டு சுமார் 20 யானைகள் எட்டு வருடங்களில் மடிந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. யானைகளைத் தடுப்பதற்கென அங்கு மின்வேலி இருந்ததாகவும், 2014 இல் மின்னல் தாக்கிய பின்னர் அது திருத்தப்படவேயில்லை எனவும் கூறப்பட்டது. குப்பை உள்ளூராட்சி மன்றங்களுடையது. யானை வனஜீவராசிகள் திணைக்களத்துடையது. வேலி யாருடையது?

இத்திணைக்களங்களை ஒன்றுகூட்டுவதற்குப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு இருக்கின்றதே எனச் சிலர் கூறலாம். இருக்கின்றது, ஆனால் அது பாராளுமன்ற அரசியலின் நிழலில், பிரதேச செயலகத்தில் கூடுகின்றது. சபைத் தவிசாளர் அங்கு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் மாத்திரமே. உள்ளூராட்சி மன்றங்களை மேற்பார்வை செய்யவேண்டிய மாகாண சபைகளுக்கோ, கிழக்கில் 2017 இலும் வடக்கில் 2018 இலும் பதவிக்காலம் முடிந்த பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை.

இந்நிலையில், புதிய சட்டத்துக்காகக் காத்திராமல் சபைகளே முன்வரலாம் என்பது எமது கருத்து. உறுப்பினர்களுடன் பிரதேசவாசிகளையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்களை அமைக்க 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடமளிக்கின்றது. கிராம அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், ஆலய பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு என்பவற்றின் பிரதிநிதிகள் அதில் இடம்பெறவேண்டும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ள கிழக்கில், ஓரூரின் வெள்ளம் மற்றைய ஊரின் வடிகால் வழியாகவே கடலைச் சேருகின்றது. எல்லைத் தகராறுகள் தீரும்வரை அந்த வடிகாலும் காத்திருக்க வேண்டும் என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர், ஒவ்வொரு செப்டெம்பரிலும் தவிசாளர் மேற்படி திணைக்களங்களின் அதிகாரிகளை அழைத்து, வடிகால்களை அவர்களுடன் நடந்தே பார்வையிடவேண்டும். எந்த மதகு யாருக்குரியது, எத்தினத்துக்குள் துப்புரவு செய்யப்படும் என்ற விபரம் அதிகாரிகளின் கையொப்பத்துடன் தமிழில் எழுதப்பட்டு, சபையின் அறிவித்தல் பலகையிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் ஒட்டப்படுதல் வேண்டும்.