பலகாரத்தின் நிறம் எங்கிருந்து வந்தது?

உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ வரும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியர் பத்துப் பேர் வருவார்கள். பலகாரங்களை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எல்லாம் கலர் கலராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே குழந்தையின் நிபந்தனை. இந்தப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்தால் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போய்க் கேசரிப் பவுடர் ஒரு பொட்டலமும் சிவப்புச் சாயம் ஒரு புட்டியும் வாங்கி வருவீர்களா? சற்றுப் பொறுங்கள். நிறம் என்றால் என்ன, அது பலகாரத்துக்குள் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு மாநிலங்கள், ஒரே சாயம்

ஓசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால் ஜுஜுவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருவிழாக்களில் இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாய் விற்கப்படுவது வழக்கமாக இருந்தது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரி அதன் விற்பனையைத் தடை செய்தது. அதே மாதம் 17ஆம் நாள் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. மார்ச் 11ஆம் நாள் கர்நாடக அரசு, பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. அம்மாநிலத்தில் சோதிக்கப்பட்ட 25 பஞ்சு மிட்டாய் மாதிரிகளில் 15 மாதிரிகளிலும், 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 மாதிரிகளிலும் பாதுகாப்பற்ற நிறங்கள் இருந்தன. நிறம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மிட்டாய்க்கு அங்கே தடை இல்லை. ஆக, குறை சர்க்கரையில் இல்லை, நிறத்தில்தான் இருந்தது.

பஞ்சு மிட்டாயில் ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்த அந்தச் சாயத்தின் பெயர் ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் நிறமூட்டப் பயன்படும் இது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. 1856இல், 18 வயதே ஆன வில்லியம் பெர்க்கின் என்ற ஆங்கிலேய மாணவர் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, எதிர்பாராமல் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். அதன் பிறகு கரித்தாரிலிருந்து கிடைத்த பொருள்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான சாயங்கள் செய்யப்பட்டன. அந்தப் பெரிய குடும்பத்தில் ரோடமினும் ஒன்று.

நிறம் ஒரு கழித்தல் கணக்கு

சூரிய ஒளியில் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஊதா ஒரு முனை, சிவப்பு மறுமுனை. ஒரு பொருள் இவற்றில் சிலவற்றை உட்கவர்ந்துகொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சமே நாம் காணும் நிறம். மஞ்சள் தூளில் உள்ள குர்குமின் ஊதாவையும் நீலத்தையும் உட்கவர்கிறது. எனவே மஞ்சளாகத் தெரிகிறது. கீரையின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது, பச்சை மிஞ்சுகிறது. பீட்ரூட்டின் நிறமியான பீட்டானின், 535 நானோமீட்டர் அருகிலுள்ள பச்சைக் கதிரை உண்டுவிடுகிறது. எஞ்சிய சிவப்பும் நீலமும் சேர்ந்து இளஞ்சிவப்பாகின்றன.

ரோடமின்-பி என்ன செய்கிறது தெரியுமா? அதுவும் பச்சைக் கதிரைத்தான், 550 நானோமீட்டர் அருகே, உட்கவர்கிறது. ஆனால் அத்துடன் நிற்பதில்லை. உட்கவர்ந்த ஆற்றலின் ஒரு பகுதியை 580 நானோமீட்டர் அருகே ஆரஞ்சு ஒளியாகத் திருப்பி உமிழ்கிறது. இதற்கு ஒளிர்தல் என்று பெயர். கழித்தலோடு ஒரு கூட்டலும் சேர்வதால்தான் அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கிறது.

ஒளிர்வதெல்லாம் நஞ்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பச்சையமும் ஒளிரும், குர்குமினும் ஒளிரும். கண்ணுக்குக் கிடைப்பது மிஞ்சிய ஒளி மட்டுமே. அதை அனுப்பிய மூலக்கூறு எது, அது உடலுக்குள் போய் என்ன செய்யும் என்பவற்றைக் கண் அறியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அல்லது நிறத்தை நாமே நம் கையால் சேர்த்திருக்க வேண்டும்.

எவ்வளவு என்பது முக்கியம்

ரோடமின்-பியை விலங்குகளுக்குச் செலுத்திச் செய்த சில சோதனைகளில் கட்டிகள் தோன்றின. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி கூறப் போதிய சான்று இல்லை. ஆயினும் உண்பதற்கு ஏற்றது என்று நிறுவப்படாத ஒன்றைக் குழந்தைக்கு ஊட்டலாமா? நம் நாட்டுச் சட்டம் அதை உணவில் அனுமதிக்கவில்லை.

அப்படியானால் எந்தச் செயற்கை நிறமும் கூடாதா? அப்படியும் இல்லை. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மாய்சின், எரித்ரோசின் உள்ளிட்ட எட்டுச் செயற்கை நிறங்களுக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. சட்டம் குறிப்பிடும் உணவுகளில் மட்டும், பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாமல் சேர்க்கலாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. எரித்ரோசின் என்ற சிவப்பு நிறத்தை, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை, வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் கேடில்லை என்று பன்னாட்டு வல்லுநர் குழு கணித்திருக்கிறது. உங்கள் தம்பியின் எடை 15 கிலோகிராம் என்றால் அவனுக்குரிய அளவு 1.5 மில்லிகிராம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் நிறம் சேர்த்த இனிப்பில் 15 கிராமிலேயே அந்த அளவு வந்துவிடும். சிறிய துண்டு ஒன்று போதும்! 60 கிலோகிராம் எடையுள்ள அப்பாவுக்கோ நான்கு துண்டு தேவை. ஒரு நாள் கூடுதலாகத் தின்றால் ஆபத்து என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் நிறமூட்டிய தின்பண்டங்களை மிகுதியாக விரும்பி உண்பவர்கள் மிகச் சிறிய உடல் கொண்டவர்கள் என்பதை இக்கணக்கு காட்டுகிறது அல்லவா?

வியாபாரி ஏன் பீட்ரூட்டை நாடவில்லை?

சர்க்கரை உருக ஏறக்குறைய 186 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தில் அது உருகித்தான் நூலாகிறது. அந்தச் சூட்டில் பீட்டானின் சிதைந்து நிறம் இழந்துவிடும். பீட்ரூட்டைத் துருவ வேண்டும், பிழிய வேண்டும். சாறு இரண்டொரு நாளில் கெட்டும் போகும். சாயப்பொடியோ சூட்டைத் தாங்குகிறது, ஒரு சிட்டிகை பல கிலோ சர்க்கரைக்குப் போதும், விலையும் குறைவு. அது எதற்காகச் செய்யப்பட்டது என்று அறியாமலே வாங்கிக் கலந்தவர்களும் இருக்கலாம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. பத்துக் குழந்தைகளுக்கு, ஒரே ஒரு மாலைக்கு மட்டும் செய்யப் போகிறீர்கள். அடுப்பின் சூட்டை நீங்களே அடக்கி ஆளலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டம்

இளஞ்சிவப்பு: தேங்காய் பர்பி. பாகும் தேங்காய்த் துருவலும் கெட்டியானபின் அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் இரண்டு தேக்கரண்டி பீட்ரூட் சாறும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து கிளறுங்கள். இலேசான புளிப்பு பீட்டானின் நிலைத்திருக்க உதவும்.

ஆரஞ்சு: கேசரி. காரட்டின் கரோட்டின் நீரில் கரையாது, நெய்யில் கரையும். எனவே காரட் துருவலை முதலில் நெய்யில் வதக்குங்கள். நெய் நிறம் மாறுவதைக் கண்ணால் காண்பீர்கள். அந்த நெய்யில் ரவையை வறுத்துக் கேசரி கிளறினால் பவுடர் எதற்கு?

மஞ்சள்: மாம்பழப் பால். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? இங்குள்ள மாங்கூழ் ஆலைகளில் பெருமளவில் பிழியப்படும் பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சளும் கரோட்டின் வகைதான்.

பச்சை: கீரைப் பூரி. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு அமர்ந்திருக்கிறது. நெடுநேரம் வேகவைத்தாலும் புளி சேர்த்தாலும் அது வெளியேறிவிடும். பச்சை மங்கிப் பழுப்பாகும். எனவே பாலக் கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் முக்கி எடுத்து, அரைத்து மாவில் பிசையுங்கள்.

பழுப்பு: கேழ்வரகும் வெல்லமும் சேர்த்த கேக். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகு தன் நிறத்தைத் தானே கொண்டுவருகிறது.

நீலம் வேண்டுமா? அதைத் தின்பதற்கு வைக்காமல் வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊதா முட்டைக்கோசை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பாகும். இன்னொன்றில் சமையல் சோடா இட்டால் நீலமாகி, பச்சையை நோக்கிப் போகும். மூன்றாவது ஊதாவாகவே இருக்கும். இதிலுள்ள ஆந்தோசயனின் அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்வதால், அது உட்கவரும் அலைநீளமும் மாறுகிறது. குழந்தைகள் கைதட்டுவார்கள்.

இதே அறிவியலைப் பாட்டி முன்பே செய்து காட்டியிருக்கிறார். பிறந்தநாள் குழந்தைக்குச் சுற்றும் ஆரத்தியில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் இரத்தச் சிவப்பாகிறதே, அது காரத்தில் குர்குமின் நிறம் மாறுவதுதான். அது சுற்றிக் கொட்டுவதற்கே, குடிப்பதற்கல்ல.

ஓர் எச்சரிக்கை. இயற்கை என்பதாலேயே எதையும் நம்பிவிடக் கூடாது. ஓசூரின் ரோஜாக்கள் பூச்சாடிக்காக வளர்க்கப்படுபவை, பூச்சிமருந்து தெளிக்கப்படுபவை. அவற்றின் இதழ்களைக் கேக்கின் மேல் தூவ வேண்டாம். பீட்ரூட் பர்பி தின்ற குழந்தைக்கு மறுநாள் சிறுநீர் சற்றுச் சிவந்தால் அஞ்சவும் வேண்டாம். சிலருக்கு அந்நிறமி சிதையாமல் வெளியேறும்.

நீங்களே செய்து பாருங்கள்

கடையில் வாங்கிய பச்சை நிற மிட்டாய் ஒன்றைச் சில துளி நீரில் கரையுங்கள். வெள்ளைச் சாக்குக்கட்டியின் அடியிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் அந்த நீரால் ஒரு பொட்டு வைத்து, உலரவிட்டு, மீண்டும் இரண்டு மூன்று முறை அதே இடத்தில் வையுங்கள். தட்டில் பொட்டுக்கு எட்டாதபடி சிறிது நீர் ஊற்றிச் சாக்கை நிறுத்துங்கள். நீர் ஏற ஏற, பச்சை பெரும்பாலும் மஞ்சளும் நீலமுமாகப் பிரியத் தொடங்கும். உணவு ஆய்வுக்கூடங்களில் நிறங்களைப் பிரித்தறியும் முறைகளுள் ஒன்றுக்கும் இதுவே அடிப்படை. ஆனால் எது நஞ்சு, எது அல்ல என்று சாக்குக்கட்டி சொல்லாது.

மிட்டாய் உறையிலுள்ள எண்களையும் படித்துப் பாருங்கள். 102 என்றால் டார்ட்ரசின், 110 சன்செட் எல்லோ, 122 கார்மாய்சின், 127 எரித்ரோசின், 133 பிரில்லியன்ட் புளூ. 100 மஞ்சளின் குர்குமின், 160 கரோட்டின் வகை, 162 பீட்ரூட் சிவப்பு. உறையே இல்லாமல், எண்ணே இல்லாமல், கண்ணைப் பறிக்கும் நிறத்தோடு ஒரு தின்பண்டம் உங்கள் தம்பியின் கைக்கு வந்தால், இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் வாங்காதீர்கள்.