சொட்டுக் குழாயும் குடோன் மூட்டையும்

வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் கீழே கடை, மேலே வீடு என்று வைத்திருப்போர் நம்மில் பலர். மாடியில் குழாய் கசிந்தால் முதலில் நனைவது குடோனில் அடுக்கிய சர்க்கரை மூட்டைதான். பிளம்பர் வரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

சொட்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். அடியில் 200 மில்லி டம்ளரை வையுங்கள். கால் மணி நேரத்தில் நிறைந்தால் நாளொன்றுக்கு 19 லிட்டர் வீண். பாறை பூமியில் போர் போட்டு இறைத்த தண்ணீர் அது; மோட்டார் கரண்டு வேறு.

பலமுறை திருகி மூடும் பழைய மாதிரிக் குழாயானால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடிய விடுங்கள். ஸ்பேனரால் தலைப்பாகத்தைக் கழற்றி, பழைய வாஷரையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு வாங்குங்கள். (கண்ணளவில் எடுத்துக் கொடுக்கும் ஹார்டுவேர் நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும்!) வாஷர் அமரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது வாஷரும் நிற்காது, குழாயையே மாற்றுவது மேல். கால் சுற்றில் மூடும் புது மாதிரியில் வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே மாற்ற வேண்டும்.

மரையில் கசிந்தால் டெப்லான் டேப். மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்துவிடும்.

உப்புப் படிந்த ஷவரைப் புளித் தண்ணீரில் ஊறப் போட்டால் போதும். ஆசிட் ஊற்றினால் பூச்சு போகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒன்றாகத் தொடவே கூடாது.

சுவருக்குள் கசிவு என்று சந்தேகமா? இரவில் எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.