கவனிப்பே வேணாம் சார்!

முதலில் ஒரு எச்சரிக்கை. நர்சரியில் யாராவது உங்களிடம் ஒரு செடியை நீட்டி, "இதுக்குக் கவனிப்பே வேணாம் சார், தானா வந்துரும்" என்று சொன்னால், பர்ஸை மூடிக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடுங்கள். நான் ஏறவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பேங்க் லோன் போட்டுப் புறநகரில் வீடு கட்டிய ஆயிரக்கணக்கான அப்பாவிகளில் நானும் ஒருவன். வீடு கட்டியது போக மிச்சம் பத்தடிக்கு இருபதடி மண் தரை. காலையில் ஏழு நாற்பது எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்தால், திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும். நிலா வெளிச்சத்தில் தோட்ட வேலை செய்ய நான் என்ன சினிமா ஹீரோவா? மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. "ஏங்க, அந்த இடத்துல ஏதாவது வையுங்களேன், வீட்டுக்குள்ள வர்ற மண்ணைக் கூட்டி மாளலை" என்று மனைவி தினமும் ரிமைண்டர் அனுப்பினாள். போனேன் நர்சரிக்கு.

நர்சரிக்காரர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். பளபளவென்று பச்சை இலை. சூரியகாந்தியின் கைக்குழந்தை மாதிரி மஞ்சள் பூ.

"வெடேலியா சார். பத்து கவர் வெச்சீங்கன்னா மூணே மாசத்துல தரையே கண்ணுக்குத் தெரியாது!"

அதை நான் வாக்குறுதி என்று நினைத்துவிட்டேன். பத்து கவர் வாங்கினேன்.

முதல் மாசம் சமர்த்தாக இருந்தது. இரண்டாவது மாசம் கை நீட்டியது. மூன்றாவது மாசம் நிஜமாகவே தரை தெரியவில்லை. பச்சைக் கம்பளம் விரித்து, மேலே மஞ்சள் பொட்டு வைத்த மாதிரி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆபீஸில் எனக்குத் 'தோட்டக்கலை நிபுணர்' என்று பட்டம். கேட்டவர்களுக்கெல்லாம் கிளை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸ் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவர் எங்கள் மேனேஜர். அந்த வருஷம் என் லீவு விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை!

ஆறாவது மாசம்தான் அதன் சுயரூபம் தெரிந்தது. நந்தியாவட்டையின் அடியைச் சுற்றி வளைத்தது. ரோஜாத் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தது. சாக்கடை மூடி இடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் தலை காட்டியது. காம்பவுண்டுச் சுவருக்குக் கீழே புகுந்து பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா எட்டு மாசம் திருச்சியில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. தூதுவளை, கற்பூரவல்லி, மஞ்சள் கரிசலாங்கண்ணி. கரிசலாங்கண்ணி மட்டும் ஸ்பெஷல். எங்கள் கிராமத்து வீட்டை விற்றபோது, அப்பா வைத்த கிணற்றடியிலிருந்து வேரோடு பிடுங்கி, ஒரு பழைய பால் டப்பாவில் வைத்து, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது.

அம்மா வந்து இறங்கிய மறுநாள். என் மனைவி மாமியாரை அசத்த நினைத்து, பின்பக்கம் போய் ஒரு முறம் நிறையக் கீரை பறித்து வந்தாள். "அத்தை, உங்க மஞ்சள் கரிசலாங்கண்ணி எவ்வளவு செழிப்பா வந்திருக்கு பாருங்க! இன்னிக்குக் கூட்டு வெச்சிடறேன்."

அம்மா ஒரு இலையை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கசக்கி மோந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இது அது இல்லை."

அப்புறம் பின்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். தூதுவளை இல்லை, கற்பூரவல்லி இல்லை. மூலை முழுக்க என் பச்சைக் கம்பளம்தான். என்னைத் திட்டவில்லை. "உங்கப்பா கிணத்தடிச் செடிடா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எதிர் வீட்டில் ஒரு ரிடையர்டு தாவரவியல் பேராசிரியர் இருக்கிறார். அன்று சாயங்காலமே ஒரு கிளையோடு போய் நின்றேன். பார்த்ததும் சிரித்தார்.

"தம்பி, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க தெரியுமா? உலகத்திலேயே மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல இவர் பேரும் இருக்கு!"

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு 2000-ம் ஆண்டு வெளியிட்ட பட்டியலாம் அது. நம் ஏரி குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும், மலைக்காடுகளை வளைத்துப் போட்டிருக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் இருக்கின்றன. இரண்டுமே 'அழகா பூக்குதே' என்று மனுஷன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவைதான். என்னைப் போன்ற ஆசாமிகள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள்!

நம்ம ஆள் பெயர் சிங்கப்பூர் டெய்ஸி. ஆனால் சிங்கப்பூருக்கும் அவருக்கும் பூர்வீக சம்பந்தம் கிடையாது. சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். தாவரவியல் பெயரில் உள்ள 'ட்ரைலோபேட்டா' என்றால் மூன்று மடல் என்று அர்த்தம். இலையைப் பாருங்கள். நடுவில் ஒரு மடல், பக்கத்துக்கு ஒன்றாகக் காது மாதிரி இரண்டு. நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதே மஞ்சள் பூ, ஆனால் சின்னது. இலை நீளமாக இருக்கும், பக்கத்தில் காது இருக்காது. தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பறித்துவிடலாம். எங்கள் வீட்டுக் கூட்டு மயிரிழையில் தப்பியது.

"விதையே வேண்டாம் தம்பி இதுக்கு. தண்டு மண்ணைத் தொடுற இடத்துல எல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். நீங்க பத்துத் துண்டா வெட்டினா அது பத்துச் செடி. நிழல்லயும் வளரும். அடர்த்தியா பாய் விரிச்சுடுறதால கீழே இருக்கிற சின்னச் செடிக்கு வெளிச்சம் போகாது. புது விதை முளைக்க இடமும் இருக்காது."

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை அனுமதியில்லாமல் விற்கக் கூடாது, சும்மாகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். எனக்கு வியர்த்தது. ஏழு பேர் சார், ஏழு பேர்! அங்கே இருந்திருந்தால் மேனேஜரோடு சேர்ந்து நானும் கோர்ட் படி ஏறியிருப்பேன்.

"பிடுங்கினதை எங்கே போட்டீங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

நான் பேசவில்லை. மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவராக வளர்ந்ததை வெட்டி இரண்டு சாக்கில் கட்டி, ஊரே குப்பை கொட்டுகிற இடம்தானே என்று தெருக்கோடி ஏரிக்கரையில் கொட்டியிருந்தேன். இருவரும் நடந்து போய்ப் பார்த்தோம். கரையில் ஒரு லாரி நீளத்துக்குப் பச்சைக் கம்பளம். மேலே மஞ்சள் பொட்டு. அருகம்புல்லும் கோரையும் இருந்த இடம் அது. வீட்டுக்குள் இருந்தவரை என் பிரச்னை. இப்போது ஊர்ப் பிரச்னை.

அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு கிரிக்கெட் கிடையாது, மதியத் தூக்கம் கிடையாது. உங்களில் யாருக்காவது இதே கதி வந்திருந்தால், பேராசிரியர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பிடுங்குங்கள். அறுத்துவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை, வேரோடு வர வேண்டும். ஒரு கணுகூட மண்ணில் தங்கக் கூடாது. பிடுங்கியதை மொட்டை மாடி சிமென்ட் தரையில் பரப்பி, அப்பளம் மாதிரி நொறுங்கும்வரை காய விடுங்கள். பச்சையாகக் காலி மனையிலோ, வாய்க்காலிலோ, எருக்குழியிலோ போட்டுவிடாதீர்கள். சுத்தம் செய்த இடத்தில் வெளிச்சம் புகாமல் பழைய தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள். அப்புறமும் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். 'கவனிப்பே வேணாம்' செடிக்கு எவ்வளவு கவனிப்பு பார்த்தீர்களா!

தரையில் படரவிட்ட மணி பிளான்ட், சிங்கோனியம் இரண்டும் இதே கட்சிதான். தொட்டியில் இருக்கும்வரை சாது. தரையிலோ ஏரிப் பக்கமோ விட்டால் ரவுடி. அவசியம் பச்சை வேண்டும் என்றால், ஈரமான இடத்தில் வல்லாரை வையுங்கள். அதுவும் பரவும்தான், ஆனால் நாம் துவையல் அரைத்தே கட்டுப்படுத்திவிடலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் காய்ந்த சருகைக் கொட்டிப் பரப்புங்கள். புழுதி கிளம்பாது.

ஏழு பேரிடமும் போய் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பேர் பிடுங்கிவிட்டார்கள். ஒருவர் "பொறாமை சார் உங்களுக்கு" என்றார். மேனேஜர் டிரான்ஸ்ஃபரில் திருநெல்வேலி போய்விட்டார், தொட்டியோடு. தாமிரபரணியை நினைத்தால் பகீரென்கிறது. கடுதாசி போட்டிருக்கிறேன்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, துவைக்கிற கல்லுக்கு அடியில் கடைசிப் பாயை உரித்துக்கொண்டிருந்தேன். கல் இடுக்கில் வெளிறிப்போய் ஒரு தண்டு. நாலே இலை, நீளமாக. பக்கத்தில் காது இல்லை. பிடுங்கப் போன கை அப்படியே நின்றது.

"அம்மா! கொஞ்சம் வாயேன்."

அம்மா வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீரும் அந்தப் பழைய பால் டப்பாவும் கொண்டுவந்தார்.

இப்போது தினமும் ஏழு நாற்பது டிரெயினுக்கு முன்னால் அந்த டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் டியூட்டி. கவனிப்பு வேண்டிய செடி சார் அது.