ஆய்வாளர் அல்ல, சக ஆசிரியர்

புதுடில்லி: வகுப்பறையின் கடைசி வரிசையில் அதிகாரி வந்து அமர்ந்தால், ஆசிரியருக்கு நா உலர்ந்து விடும். இதற்கு மாற்றாக, டில்லி அரசு 2016ல், பணியிலிருந்த ஆசிரியர்களில் 200 பேரை வழிகாட்டி ஆசிரியர்களாகத் தேர்வு செய்தது. ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு அரசுப் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன. பாடம் நடப்பதைக் கவனித்து, நிறை குறைகளைச் சக ஆசிரியராகப் பேசுவதே இவர்களுக்கு இடப்பட்ட பணி.

இதே நோக்கில், 1994ல் துவங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், பல மாநிலங்களில் குறுவள மையங்களை அமைத்தது. ஆனால், ஒருங்கிணைப்பாளர்கள் பலரது நேரம் புள்ளிவிவரம் சேகரிப்பதிலேயே கரைந்தது.

குறிப்பேட்டுடன் வருபவரிடம் ஆசிரியர் தம் தடுமாற்றத்தைச் சொல்வதில்லை. சாக்கட்டி எடுத்துத் தாமே பாடம் நடத்திக் காட்டுபவரிடம் சொல்கிறார். ஒருவர் மனம் திறந்தால், அடுத்த பள்ளி ஆசிரியரும் பேச முன்வருவார். பதவியைவிட, அந்த நம்பிக்கையே வழிகாட்டியைத் தலைவராக்குகிறது.