செருப்பில் வந்த போன்

காலை ஏழே கால். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை. காக்களூர் சிட்கோவில் நைட் ஷிப்ட் முடித்து லோக்கல் ட்ரெயினில் வந்திறங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி, கிளாஸைக் கையில் உருட்டியபடி கேட்டார்: “பொண்ணுக்கு மூணு வயசு ஆவுதுண்ணா. போன்ல வந்த ஜோக்கச் சொன்னா என் மூஞ்சியவே பாத்துக்கினு நிக்குது. எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியலையா?”

“ஜோக்குல தப்பில்ல தம்பி. வயசுதான் பொருந்தல.”

குழந்தை வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பிப்பது மூன்று, நான்கு மாதத்தில். அப்போது அதற்கு வார்த்தை ஏது? பிறகு துண்டால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு. மறைந்த பொருள் காணாமல் போய்விடவில்லை என்பது முதல் வயதின் பிற்பாதியில்தான் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது என்றார் உளவியலாளர் ழான் பியாஜே. பிடிபட்டதும் அந்தத் துண்டுக்குத் தனி ருசி: முகம் வரும் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. மூன்று வயதுக்குள் எந்தப் பொருள் எதற்கு என்று ஓரளவு படித்தாயிற்று. இனி அது தப்பினால் சிரிப்பு. விடுகதையின் இரட்டை அர்த்தம் ருசிக்க ஆறேழு வயதாவது ஆக வேண்டும்.

நான் செருப்பைக் கழற்றிக் காதில் வைத்தேன். “ஹலோ, யாரு? திருநின்றவூரா?” டீ மாஸ்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். இதில் அசடு நான். மூன்று வயசுப் பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும்: எல்லாம் தெரிந்த அப்பாவுக்கே இது தெரியவில்லை, எனக்குத் தெரியும்!

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் வழிகள் நான்கு. பிறரை எள்ளுவது ஒன்று; பிள்ளைத்தனம் ஒன்று; மற்ற இரண்டும் அறியாமையைச் சுற்றியவை. நம் வீடுகளில் முதல் வழிதான் தாராளம். கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே பிள்ளையின் நிறத்தையும் மூக்கையும் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். ரசித்துத்தான் சிரிக்கிறது என்று எண்ண வேண்டாம். தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கையில் மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன். சிரிப்பு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

“கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்குதேண்ணா?”

உன்னையே நீ மூட்டிப் பார், ஒன்றும் ஆகாது. 1998இல் லண்டனில் ஆய்வாளர் சாரா ஜேன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தன் கை எப்படித் தொடப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அதனால் கூச்சம் மங்குகிறது. அடுத்தவர் கையை அப்படிக் கணிக்க முடிவதில்லை. ஆனால் மூச்சு முட்டும்போதும் அந்தச் சிரிப்பு நிற்காது. அதனால் பிள்ளை ‘போதும்’ என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் அதுவே ‘இன்னும்’ என்று வந்து நிற்கும்.

மறுநாள் அதே நேரம், அதே பெஞ்சு. தம்பி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“செருப்பக் காதுல வெச்சேண்ணா. விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் வெடுக்குனு பிடுங்கி, ‘அப்பா நைட் ஷிப்ட், தூங்கப் போறாரு, அப்புறம் பேசு’ன்னு கட் பண்ணிடுச்சு.”